வினையோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொல்: ஆங்கில ஃப்ரேசல் வெர்ப் எப்படி வேலை செய்கிறது?

“த அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ்.” இதைப் படிக்கும் நம்மவர்களில் பலர், ஐந்து மணிக்கு அலாரம் நின்றுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் நாள் முழுக்க ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டாரை ஆஃப் பண்ணு என்று சொல்லிப் பழகிய காது வேறெப்படி எடுத்துக்கொள்ளும்? ஆனால் ஆங்கிலக்காரருக்கு அந்த வாக்கியத்தின் பொருள் நேர் எதிர்: ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. “த லைட்ஸ் வென்ட் ஆஃப்” என்றால் விளக்கு அணைந்தது. “த மில்க் ஹேஸ் கான் ஆஃப்” என்றால் பால் கெட்டுவிட்டது. “த பாம் வென்ட் ஆஃப்” என்றால் குண்டு வெடித்தது. நாலு வாக்கியத்திலும் இருப்பது அதே ‘கோ’, அதே ‘ஆஃப்’.

அகராதியில் ‘கோ’வைத் தனியாகவும் ‘ஆஃப்’பைத் தனியாகவும் பார்த்துக் கூட்டினால் இந்த விடைகள் கிடைக்காது. ஒரு வினைச்சொல்லும் அதன் பின்னால் வரும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து ஒரே வினையாக நடந்துகொள்வதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். அந்தச் சின்னச் சொல்லுக்கு இலக்கணத்தில் பார்ட்டிக்கிள் என்று பெயர். அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், ஓவர், அவே, பேக், த்ரூ, ஆஃப்டர், ஃபார், இன்டு போன்ற இருபது முப்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு சின்ன எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு எஃப் போட்டு எழுதும் சொல்லும் இரண்டு எஃப் போட்டு எழுதும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உச்சரிப்பே வேறு. ஒற்றை எஃப் சொல்லைக் கிட்டத்தட்ட ‘அவ்’ என்றும், இரட்டை எஃப் சொல்லை ‘ஆஃப்’ என்றும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

நமக்குப் பழக்கமான வித்தைதான்

“கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிப்போட்டார்கள்” என்கிறோம். அங்கே யாரும் எதையும் தள்ளவில்லை, போடவுமில்லை. விட்டுக்கொடுப்பவர் எதையும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. கைவிடுவது, கண்டுபிடிப்பது, தட்டிக்கழிப்பது, பொறுத்துக்கொள்வது என்று எல்லாமே இப்படி இரண்டு துண்டு சேர்ந்து மூன்றாவது ஒரு பொருளைத் தருபவை. தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் ‘தள்ளு’வையும் ‘போடு’வையும் தனித்தனியாகத் தேடிவிட்டுத் தலையைச் சொறிவார். ‘புட் ஆஃப்’ முன்னால் நாம் நிற்கும் நிலையும் அதேதான். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. ‘கிவ் அப்’ என்றால் கைவிடுவது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள்வது.

ஆனால் இரண்டு இடத்தில் தமிழ்ப் பழக்கம் காலை வாரிவிடும்.

முதலாவது, காலம் காட்டும் இடம். தமிழில் கடைசித் துண்டுதான் மாறும்: தள்ளிப்போடுகிறார், தள்ளிப்போட்டார், தள்ளிப்போடுவார். ஆங்கிலத்தில் முதல் துண்டு மாறும், சின்னச் சொல் கல்லு மாதிரி அப்படியே நிற்கும்: டேக்ஸ் ஆஃப், டுக் ஆஃப், டேக்கன் ஆஃப், டேக்கிங் ஆஃப். கடைசியில் விகுதி போட்டே பழகிய நாக்கு “லாகின்ட்”, “செட்டப்டு” என்று வாலில் இறந்தகாலத்தை ஒட்டிவிடுகிறது. “லாக்ட் இன்” என்பதுதான் சரி. ‘செட்’டுக்கு இறந்தகாலமும் ‘செட்’தான், ஆகவே “செட் அப்”.

இரண்டாவது, செயப்படுபொருள் உட்காரும் இடம். தமிழில் அது முழு வினைக்கும் முன்னால் வந்துவிடும்: கூட்டத்தைத் தள்ளிப்போட்டார். வினையின் இரண்டு துண்டுக்கும் நடுவே கூட்டத்தைச் செருகும் வேலை நமக்கில்லை. ஆங்கிலத்தில் அந்த நடு இடம் சில நேரம் திறந்திருக்கும், சில நேரம் மூடியிருக்கும், சில நேரம் அங்கே மட்டுமே உட்கார முடியும். ஃப்ரேசல் வெர்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு விஷயத்தில்தான். பொருளை மனப்பாடம் செய்துகொண்டு இடத்தைக் கவனிக்காமல் விட்டால், படித்தால் புரியும், பேசும்போது தப்பும்.

மலையில் ஓடியவரும் கடனில் ஓடியவரும்

வினைக்குப் பின்னால் ‘அப்’ வந்துவிட்டால் அது ஃப்ரேசல் வெர்ப் ஆகிவிடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

ஹி ரேன் அப் அ ஹில்.
ஹி ரேன் அப் அ பில்.

ஒரே எழுத்துதான் வித்தியாசம். முதலாமவர் மலைமேல் ஓடினார். இரண்டாமவர் கடையிலோ ஹோட்டலிலோ கணக்கை ஏற்றிக்கொண்டே போய்ப் பெரிய பாக்கி வைத்துவிட்டார்.

“வேர் டிட் ஹி ரன்?” என்று கேட்டுப் பாருங்கள். எங்கே ஓடினார்? மலைமேல். “அப் அ ஹில்” என்று பதில் வரும். “அப் அ பில்” என்று பதில் சொல்ல முடியாது. பில்லின் மேல் யாரும் ஓட முடியாது. முதல் வாக்கியத்தில் ‘அப்’ மலையோடு சேர்ந்த சொல். இரண்டாவதில் அது ‘ரேன்’னோடு சேர்ந்த சொல். பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டால் இன்னும் துல்லியமாகத் தெரியும். மலை என்றால் “ஹி ரேன் அப் இட்”. பில் என்றால் “ஹி ரேன் இட் அப்”. ‘இட்’ எங்கே போய் உட்காருகிறது என்பதே ‘அப்’ யாருடைய ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நடு இடம்: திறந்ததா, மூடியதா

சில ஃப்ரேசல் வெர்ப்களுக்குச் செயப்படுபொருளே வேண்டாம். அவற்றில் சிக்கலும் இல்லை. “த பஸ் ப்ரோக் டவுன்”, “ஷி டிட்ன்ட் ஷோ அப்”, “வி காட் அப் லேட்”. வினை, சின்னச் சொல், முற்றுப்புள்ளி, அவ்வளவுதான்.

செயப்படுபொருள் கேட்பவைதான் இரண்டு சாதி. முதல் சாதி பிரியக்கூடியது. ‘டர்ன் ஆஃப்’பை எடுத்துக்கொள்வோம்.

டர்ன் ஆஃப் த லைட். சரி.
டர்ன் த லைட் ஆஃப். இதுவும் சரி, பொருளில் மாற்றமில்லை.
டர்ன் இட் ஆஃப். சரி.
டர்ன் ஆஃப் இட். தவறு.

பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். இட், ஹிம், ஹெர், தெம், மி, அஸ் போன்ற பிரதிப்பெயர் என்றால் நடுவில் மட்டும்தான். காரணம் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் குரல் அழுத்தம் வழக்கமாகக் கடைசிப் பக்கம் விழும். புதுச் செய்தி அங்கேதான் வரும். ‘இட்’ என்பது ஏற்கெனவே பேசிமுடித்த பொருளைச் சுட்டும் சொல், புதுச் செய்தி அதில் ஒன்றுமில்லை, அழுத்தமும் இல்லாத சொல். அதைக் கடைசியில் வைத்தால் வாக்கியம் பொத்தென்று விழுந்ததுபோல் இருக்கும். ஆகவே அதை நடுவில் ஒளித்துவிட்டு, அழுத்தத்தை ‘ஆஃப்’ வாங்கிக்கொள்கிறது. காதில் விழும்போது மூன்று சொல்லும் ஒட்டிக்கொண்டு “டர்னிடாஃப்” என்று ஒரே சொல்லாக வரும். “பிக் இட் அப்” என்பது “பிக்கிடப்”. ஆங்கிலப் படம் பார்க்கும்போது இந்த இடங்களைத்தான் நாம் தவறவிடுகிறோம். சொல் தெரியாமல் இல்லை, வெட்டும் இடம் தெரியாமல்.

இதன் மறுபக்கமும் உண்டு. செயப்படுபொருள் நீளமாக இருந்தால் அது கடைசிக்குப் போய்விடும். ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து செய்வது. “தே கால்ட் ஆஃப் த மீட்டிங் தட் வாஸ் ஃபிக்ஸ்ட் ஃபார் மண்டே மார்னிங்” என்பதே இயல்பு. இத்தனை சொல்லையும் நடுவில் திணித்து, ஆஃபைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தால், ‘கால்ட்’ என்று கேட்டவர் “கூட்டத்தைக் கூட்டினார்களா, யாருக்காவது ஃபோன் போட்டார்களா” என்று வாக்கியம் முடியும்வரை காத்துக் கிடக்க வேண்டும். நடுவில் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள்.

இரண்டாவது சாதி பிரியாதது. ‘லுக் ஆஃப்டர்’ அப்படி. “ஷி லுக்ஸ் ஆஃப்டர் ஹெர் கிராண்ட்மதர்”, “ஷி லுக்ஸ் ஆஃப்டர் ஹெர்”. பெயரோ பிரதிப்பெயரோ, எல்லாம் கடைசியில்தான். “லுக்ஸ் ஹெர் ஆஃப்டர்” என்று ஆங்கிலம் கிடையாது. லுக் ஃபார், லுக் இன்டு, ரன் இன்டு, டீல் வித், கம் அக்ராஸ், கெட் ஓவர், டேக் ஆஃப்டர் எல்லாம் இந்த வகை.

எது எந்தச் சாதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நூற்றுக்கு நூறு பலிக்கும் விதி இல்லை, ஆனால் சின்னச் சொல்லைப் பார்த்தாலே பெருமளவு சொல்லிவிடலாம். ஃபார், ஆஃப்டர், இன்டு, வித், அட் ஆகியவை தங்களுக்குப் பின்னால் ஒரு பெயர் வேண்டும் என்று அடம்பிடிப்பவை. அவற்றை வாக்கியத்தின் வாலுக்குத் தள்ளிவிட்டுச் செயப்படுபொருளை நடுவில் வைக்க முடியாது. அப், டவுன், அவுட், ஆஃப், அவே, பேக் ஆகியவை செயப்படுபொருளோடு வந்தால் பெரும்பாலும் பிரியும். ஆன், இன், ஓவர், த்ரூ, அரவுண்ட் ஆகியவைதான் இரண்டு பக்கமும் சாய்பவை. “புட் த ஷர்ட் ஆன்” என்று சட்டையை நடுவில் வைக்கலாம். ஆனால் ஒருவரைப் போய்ப் பார்ப்பதைச் சொல்லும் ‘கால் ஆன்’னில் “கால் ஆன் ஹிம்” மட்டும்தான். கம்பெனியைக் கையகப்படுத்தினால் “டேக் இட் ஓவர்”. துக்கத்திலிருந்தோ காய்ச்சலிலிருந்தோ மீண்டால் “கெட் ஓவர் இட்”. இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் கற்போருக்கான அகராதியைத் திறந்து, பொருளைப் படிக்கும் முன் தலைச்சொல் அச்சடிக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். “புட் சம்திங் ஆஃப்” என்று நடுவில் ‘சம்திங்’ இருந்தால் பிரியும். “லுக் ஆஃப்டர் சம்படி” என்று கடைசியில் இருந்தால் பிரியாது. சில அகராதிகள் நடுவில் இருபக்கமும் முனை உள்ள அம்புக்குறி போடும்; அந்தச் சொல்லும் சின்னச் சொல்லும் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம். ‘சம்திங்’, ‘சம்படி’ எதுவுமே இல்லையென்றால் செயப்படுபொருள் வேண்டாத வகை. இவ்வளவு தகவலும் ஒரே வரியில் கிடக்க, நாம் அதைத் தாண்டி அர்த்தத்துக்குப் போய்விடுகிறோம்.

மூன்று துண்டு வினைகள்

புட் அப் வித், ரன் அவுட் அவ், கெட் அலாங் வித், கம் அப் வித், லுக் ஃபார்வர்ட் டு. இவை எதுவும் பிரியாது. எல்லாம் முடிந்தபிறகுதான் பெயர் வரும். “ஐ கேன்ட் புட் அப் வித் த நாய்ஸ்.” “வி ரேன் அவுட் அவ் ரைஸ்.” அரிசியை எழுவாயாக வைத்தால் மூன்றாவது துண்டு கழன்றுவிடும்: “த ரைஸ் ரேன் அவுட்.” கிரிக்கெட் ரன் அவுட்டோடு இதைக் குழப்ப வேண்டாம். அங்கே ஆட்டக்காரர் “வாஸ் ரன் அவுட்”, அதாவது ஆட்டமிழக்கச் செய்யப்பட்டவர். “ஹி ரேன் அவுட்” என்றால் அவர் வெளியே ஓடினார்.

ஆவலோடு எதிர்பார்ப்பதைச் சொல்லும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் அலுவலக மின்னஞ்சல்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதில்தான். “ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ” என்று எழுதுகிறார்கள். “டு மீட்டிங் யூ” என்றுதான் வர வேண்டும். ‘டு’வுக்குப் பின்னால் வினையின் மூல வடிவம் வரும் என்று பள்ளியில் படித்தது பொய்யில்லை, “வான்ட் டு மீட்” என்பது சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு ‘டு’ இருக்கிறது. சோதிக்க எளிய வழி: வினைக்குப் பதில் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். “ஐ லுக் ஃபார்வர்ட் டு த மீட்டிங்” பொருந்துகிறது. “ஐ வான்ட் டு த மீட்டிங்” பொருந்தவில்லை. பெயர் பொருந்தும் இடத்தில் வினை வந்தால் அது ‘இங்’ போட்டுக்கொண்டுதான் வரும். எல்லா ஃப்ரேசல் வெர்ப்களிலும் சின்னச் சொல்லுக்குப் பின் வினை செயப்படுபொருளாக வந்தால் இதுதான் நடக்கும்: கிவ் அப் ஸ்மோக்கிங், கீப் ஆன் டாக்கிங், புட் ஆஃப் கோயிங்.

இன்னொன்று, “கோப் அப் வித்”. வேலைப்பளுவைச் சமாளிக்கிறேன் என்று சொல்ல நம் நாட்டில் இப்படி எழுதுவது சகஜம். ஆனால் ‘கோப் வித்’ என்பதே போதும், நடுவில் ‘அப்’ கிடையாது. கீப் அப் வித், கேட்ச் அப் வித், புட் அப் வித் என்று வரிசையாகக் கேட்ட காது, கோப்புக்கும் ஒரு ‘அப்’பைத் தானமாகக் கொடுத்துவிட்டது.

சின்னச் சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. “ஈட் யுவர் ரைஸ்” என்றால் சோறு சாப்பிடு. “ஈட் அப் யுவர் ரைஸ்” என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. தமிழில் ‘விடு’ செய்யும் வேலையை இங்கே ‘அப்’ செய்கிறது. யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு, ட்ரிங்க் அப் என்றால் குடித்துவிடு. அதேபோல் ‘ஆன்’ பல இடங்களில் நம் ‘கொண்டே இரு’ போன்றது: கீப் ஆன், கேரி ஆன், டிரைவ் ஆன். உருகி, கரைந்து இல்லாமலே போவதற்கு ‘அவே’: மெல்ட் அவே, ஃபேட் அவே. ‘அவுட்’ இரண்டு மூன்று வேலை பார்க்கும். மறைந்திருந்தது வெளியே வந்தால் ஃபைண்ட் அவுட்; பலருக்கும் பங்கிட்டால் ஹேண்ட் அவுட்; தீர்ந்துபோனால் ரன் அவுட், செல் அவுட். ‘டவுன்’ என்றால் குறைதல், நிற்றல்: ஸ்லோ டவுன், ஷட் டவுன்.

‘ஆஃப்’புக்கு வருவோம். பிரிந்து போவது என்பது அதன் அடிப்படைச் சாயல். விமானம் தரையை விட்டுப் பிரிந்தால் டேக் ஆஃப், பயணம் கிளம்பினால் செட் ஆஃப், மின்சாரம் துண்டித்தால் கட் ஆஃப். அடங்கிக் கிடந்தது படக்கென்று கிளம்புவதும் இந்தக் குடும்பத்தில்தான்: குண்டு, துப்பாக்கி, பட்டாசு, அலாரம். அலாரம் அடிப்பதை வெடியோடு சேர்த்து நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

ஆனால் இந்தச் சாயல்களை நினைவுக்கொக்கியாக மட்டும் பயன்படுத்துங்கள். விதியாக எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். காகிதம் எரிந்து சாம்பலானால் பர்ன் அப், வீடு எரிந்து விழுந்தால் பர்ன் டவுன். படிவத்தை நிரப்புவதற்கு ஃபில் இன் என்றும் சொல்லலாம், ஃபில் அவுட் என்றும் சொல்லலாம். உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகிவிடும் இடத்தில் தர்க்கம் பார்த்துப் பயனில்லை.

தமிழுக்குள் வந்துவிட்டவை

ஃபேனை ஆஃப் பண்ணு, செக்கப் போனோம், பேக்கப் எடுத்தாச்சு, பஸ் பிரேக்டவுன் ஆயிடுச்சு, லாக்டவுன்ல வீட்டிலேயே இருந்தோம். ஃப்ரேசல் வெர்ப் தெரியாது என்று சொல்பவர் வாயிலும் நாளுக்குப் பத்து வந்துபோகும். ஆனால் தமிழுக்குள் நுழையும்போது அவை உருமாறி விடுகின்றன. ‘ஆஃப் பண்ணு’வில் நாம் எடுத்துக்கொண்டது சின்னச் சொல்லை மட்டும்; ‘டர்ன்’னை வாசலிலேயே விட்டுவிட்டோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பினால் “ப்ளீஸ் ஆஃப் த ஃபேன்” என்று வினையே இல்லாத வாக்கியம் வரும்.

மற்றவை பெயர்ச்சொல்லாக வந்தவை. செக்கப், மேக்கப், பேக்கப், பிரேக்டவுன் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால், அல்லது இடையில் சிறு கோடு போட்டு எழுதினால் அது பெயர். அழுத்தம் முதல் துண்டில் விழும். பிரித்து எழுதினால் வினை. அழுத்தம் சின்னச் சொல்லுக்குப் போகும். “பஸ் பிரேக்டவுன் ஆயிடுச்சு” என்பதை “த பஸ் வாஸ் பிரேக்டவுன்” என்று மாற்றக் கூடாது. பெயராக வேண்டுமானால் “த பஸ் ஹேட் அ பிரேக்டவுன்”, வினையாக வேண்டுமானால் “த பஸ் ப்ரோக் டவுன்”. இணையதளங்களில் “லாகின் ஹியர்” என்று பொத்தானில் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்க்கலாம். வினை என்பதால் அங்கே ‘லாக்’, ‘இன்’ இரண்டையும் பிரித்துத்தான் எழுத வேண்டும். பெரிய நிறுவனங்களே கோட்டை விடும் இடம் இது.

செயப்பாட்டு வினையில் இன்னொரு பிழை. “த மீட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்.” “த சைல்ட் வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹிஸ் ஆன்ட்.” இந்த இரண்டும் சரி. ஆனால் எழுதும்போது, ‘பை’ வரப்போகிறது என்ற அவசரத்தில் ‘ஆஃப்டர்’ தொலைந்துபோய் “வாஸ் லுக்ட் பை” ஆகிவிடும். இரண்டு சின்னச் சொல் அடுத்தடுத்து நிற்பது பார்வைக்கு உறுத்தினாலும் இரண்டும் வேண்டும்.

‘போஸ்ட்போன்’ இருக்க ‘புட் ஆஃப்’ எதற்கு?

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இரட்டைச் சொற்கள் நிறைய. புட் ஆஃபுக்கு போஸ்ட்போன், ஃபைண்ட் அவுட்டுக்கு டிஸ்கவர், புட் அப் வித்துக்கு டாலரேட். அப், அவுட், ஆஃப் எல்லாம் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தவை. டேக், கெட் இரண்டும் வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகளோடு வந்த, அவர்களது நோர்ஸ் மொழிச் சொற்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபிறகு பிரெஞ்சு அரசவை மொழியானது. அதன் வழியாகவும் பின்னர் நேரடியாகவும் லத்தீன் வேர்ச்சொற்கள் குவிந்தன. வீட்டிலும் சந்தையிலும் பழையதே நீடித்தது. நம்மில் பலர் ஆங்கிலத்தைப் புத்தகம் வழியே கற்றதால் போஸ்ட்போன் சுலபமாக வருகிறது, புட் ஆஃப் வருவதில்லை.

வெளியார் இதில் தடுமாறுவது புதிதும் இல்லை. 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினையோடு இப்படிச் சின்னச் சொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் அயல்நாட்டவருக்குப் பெரும் தொல்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரோ 1925இல்தான் அச்சில் பரவத் தொடங்கியது.

எழுத்தில் ஃப்ரேசல் வெர்ப் போட்டால் மரியாதைக்குறைவு என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. முழு உண்மை இல்லை. ஆய்வு நடத்துவதற்கு கேரி அவுட், குழு அமைப்பதற்கு செட் அப், படிப்படியாக நிறுத்துவதற்கு ஃபேஸ் அவுட் என்று அரசு அறிக்கைகளிலேயே தாராளமாக வரும். ஆனால் ஒன்றை மட்டும் வெளிநாட்டு விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்: “ஐ பாஸ்ட் அவுட் இன் 2019.” இந்தியாவில் இதற்குப் படிப்பை முடித்தேன் என்று பொருள். அமெரிக்கரோ பிரிட்டிஷ்காரரோ படித்தால், 2019இல் நான் மயக்கம் போட்டு விழுந்தேன் என்றுதான் முதலில் தோன்றும். பிரிட்டனில் ராணுவ, போலீஸ் பயிற்சி முடிப்பதற்கு அந்தச் சொல் உண்டு, கல்லூரிக்கு இல்லை. ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிடுங்கள்.

ஒன்றைக் கற்கும் விதம்

பள்ளிக் கையேடுகளில் ‘கெட்’ என்று தலைப்புப் போட்டு கெட் அப், கெட் இன், கெட் பை, கெட் ஓவர், கெட் அவே என்று இருபதை வரிசையாக அடுக்கி, எதிரே அர்த்தம் எழுதியிருக்கும். கற்க இதைவிட மோசமான வரிசை கிடையாது. எல்லாம் ஒன்றுபோல ஒலிப்பதால் மறுநாள் ஒன்று மற்றொன்றாகிவிடும். அர்த்தம் மட்டும் இருப்பதால் வாக்கியத்தில் வைக்கவும் தெரியாது.

அதற்குப் பதில் ஒன்றை எடுத்து அரைப்பக்கம் எழுதுங்கள். புட் ஆஃப் என்றால் இப்படி. பொருள், தள்ளிப்போடு. செயப்படுபொருள் வேண்டும், அது நிகழ்ச்சியாக இருக்கும், அல்லது ‘இங்’ போட்ட வினை: “ஹி கீப்ஸ் புட்டிங் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்”. பிரியும்: புட் இட் ஆஃப். இறந்தகாலத்தில் மாற்றமில்லை: “யெஸ்டர்டே தே புட் இட் ஆஃப்”. செயப்பாட்டில் “இட் வாஸ் புட் ஆஃப் டில் மண்டே”. இரண்டாவது ஒரு பொருளும் உண்டு: ஆளைச் செயப்படுபொருளாக வைத்தால் அவருக்கு விருப்பமில்லாமல் செய்வது, “த ஸ்மெல் புட் மி ஆஃப்”. வாடையிலேயே சாப்பிட மனம் வரவில்லை. வாரத்துக்கு ஐந்து இப்படி எழுதினால் போதும். அதற்கு மேல் போனால் தங்காது.

எந்த ஐந்து என்பதைச் சூழலை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஃபோன் பேச்சு நல்ல தொடக்கம். எடுத்தால் பிக் அப். கொஞ்சம் இருங்கள் என்றால் ஹோல்ட் ஆன். வேறொருவருக்கு இணைத்துக் கொடுத்தால் “ஐ வில் புட் யூ த்ரூ”. நடுவில் யூ, பிரிந்துவிட்டது பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் “யூ ஆர் பிரேக்கிங் அப்”. திருப்பிக் கூப்பிட்டால் “ஐ வில் கால் யூ பேக்”. கடைசியில் ஃபோனை வைப்பது ஹேங் அப், அதன் இறந்தகாலம் ஹங் அப்.

நாம் “ஹி கட் த கால்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் விஷயத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது சிக்னல் போய் இணைப்பு அறுந்தால் “வி காட் கட் ஆஃப்”. யார் மேலும் தப்பில்லை. கோபத்தில் பட்டென்று வைத்துவிட்டால் “ஹி ஹங் அப் ஆன் மி”. அந்தக் கடைசி ‘ஆன் மி’யில்தான் வருத்தம் முழுவதும் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால், பேசி முடித்து ஃபோனை வைத்தார் என்று மட்டும் ஆகிவிடும்.